துருவின் இறுக்கம்

சென்னையில் ஒருத்தரைப் புத்தி பிசகியவர் என்று சொல்ல, "அவனுக்கு மரை கழண்டுடுச்சு" என்பார்கள். "ஒரு நட்டு லூசு" என்றும் சொல்வதுண்டு. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்ட பேச்சு இது. சிரிப்பதற்காகச் சொன்னாலும் இதற்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது: இறுகி இருப்பது நல்லது, கழல்வது கெட்டது. உறுதியான ஆள், அசையாத கொள்கை, விட்டுப்போகாத உறவு என்று நாம் பாராட்டுகிற பலவற்றுக்கும் அடியில் இந்த நம்பிக்கைதான் கிடக்கிறது.

இது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், பஞ்சர் கடை டப்பாவுக்குள் கிடக்கும் துருப்பிடித்த வீல் நட்டு. இவ்வளவு சின்னப் பொருளை வைத்து அறம் பேச வேண்டுமா என்று கேட்கலாம். பழையதைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதா, எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா என்ற கேள்வி சட்டைக்கும் உண்டு, செருப்புக்கும் உண்டு. ஆனால் அங்கெல்லாம் எப்படி முடிவெடுத்தாலும் ஒப்பேற்றிவிடலாம். வீல் நட்டில் அது நடக்காது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

*

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். காரின் ஹப்பிலிருந்து நாலோ ஐந்தோ மரைக் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டட் என்பார்கள். ரிம்மின் துளைகளை அவற்றில் மாட்டி, மேலே நட்டைப் போட்டு இறுக்குகிறோம். வண்டியின் எடை முழுக்க அந்தக் கம்பிகளின் மேல் தொங்குகிறது என்றுதான் பெரும்பாலும் நினைப்போம். ஒழுங்காக இறுக்கிய சக்கரத்தில் அப்படி நடப்பதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட எஃகு திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பு ரிம்மை ஹப்போடு வைத்து அழுத்துகிறது. அழுந்திய இரண்டு முகங்களுக்கும் நடுவில் உண்டாகிற உராய்வுதான் வண்டியின் எடையையும், பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கையும், ரோட்டுப் பள்ளத்தின் அடியையும் தாங்குகிறது. ஸ்டட்டை ஆணி என்று நினைப்பதைவிட, இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் என்று நினைப்பது சரியாக இருக்கும்.

சின்ன கார்களுக்கு இந்த இறுக்கம் ஏறத்தாழ 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் ஸ்பானரில் கொடுக்கிற பலத்தில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிமுகம் ரிம்மில் உரசுவதிலேயே செலவாகிவிடும். இன்னொரு 40 சதவீதம் மரைக்குள் உரசிப் போய்விடும். மிச்சம் சுமார் 10 சதவீதம்தான் ஸ்டட்டை இழுக்கிற வேலையைச் செய்கிறது. மரை சுத்தமாக, காய்ந்து இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. துரு ஏறினால் உராய்வு கூடும். ஸ்பானர் நகராது, டார்க் ரென்ச் 'கிளிக்' என்று சத்தம் கொடுக்கும், கை வலிக்கும். ஸ்டட் மட்டும் நீள வேண்டிய அளவு நீண்டிருக்காது. எண்ணெய் பூசினாலும் கணக்கு கெடும், எதிர்ப்பக்கமாக. அதே பலத்தில் ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும்.

துருவின் இன்னொரு குணம் இதைவிட முக்கியம். இரும்பு துருவாக மாறும்போது, அது தின்ற இரும்பைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே மரையில் இருக்கிற மெல்லிய இடைவெளிக்குள் அது வளர்ந்து அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் துருப்பிடித்த நட்டு கழலாமல் அடம் பிடிக்கிறது. மரையின் இரும்பு குறைந்துகொண்டே போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கம் கூடிக்கொண்டே போவதுபோல் இருக்கிறது.

*

கடலோர ஊரில் துருவுக்குப் பஞ்சமே இல்லை. உப்புக் காற்று போதாதென்று தண்ணீரும் வரும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு பெருகி, சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் என்று ஆற்றை ஒட்டிய பகுதிகளில் நின்ற வண்டிகள் சேற்றுத் தண்ணீரில் மூழ்கின. அப்போது எல்லோருக்கும் இன்ஜின் பற்றித்தான் கவலை, சீட்டு பற்றித்தான் கவலை. ஓடுகிறதா, ஏசி வருகிறதா, நாற்றம் போகிறதா? சக்கரத்தைக் கழற்றி மரையைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே கதைதான்.

லாரி, வேன், டாக்ஸி மாதிரி வாடகை வண்டிகளுக்கு எஃப்.சி. என்று ஒன்று இருக்கிறது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்குமேல் வருஷா வருஷம் வண்டியைக் காட்ட வேண்டும். சொந்த காருக்குப் பதிவு செய்து 15 வருஷம்வரை அதுவும் கிடையாது. அதுவரை அந்த நட்டுகளைப் பார்க்கும் கண், டயர் கழற்றுகிற ஆளுடையது மட்டுமே. அவர் என்ன பார்த்தார், பார்த்து என்ன முடிவெடுத்தார் என்பது வண்டிக்காரருக்குத் தெரியாது. பக்கத்தில் வரும் ஸ்கூட்டர்காரருக்கு நிச்சயமாகத் தெரியாது.

நான் குடியிருக்கும் ஜோன்ஸ் ரோடு பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ஸ்கூட்டருக்குக் காற்று பிடிக்கப் போயிருந்தேன். கோயம்பேட்டிலிருந்து சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வந்த குட்டியானை ஒன்று ஜாக்கியின் மேல் நின்றது. டிரைவருக்கு இருபத்தஞ்சு வயது இருக்கும். கடைக்காரருக்கு ஐம்பதுக்கு மேல். கடைசி இரண்டு நட்டுகள் வரவில்லை. டீசல் ஊற்றி ஊறவைத்து, ஸ்பானரில் பைப்பைச் செருகி ஏறி மிதித்து, ஒருவழியாக எடுத்தார்கள். இரண்டும் செங்கல் நிறத்தில் இருந்தன.

"ண்ணா, அதையே மாட்டி வுடுண்ணா. எடுக்கிறதுக்கே ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு. அவ்ளோ டைட்டா இருந்தது எப்டிண்ணா கழலும்?"

"அது டைட்டா இல்லப்பா, மாட்டிக்கினு இருந்துச்சு. ரெண்டும் வேற."

அந்த இரண்டு வாக்கியங்களும் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சுற்றிச் சுற்றிச் சொல்வதெல்லாம் அவைதான்.

அவர் கம்பி பிரஷ்ஷை எடுத்து எல்லா நட்டுகளையும் தேய்த்தார். ஸ்டட்டையும் தேய்த்தார். பிறகு ஒவ்வொரு நட்டாக ஸ்டட்டில் வைத்து விரலால் சுற்றிப் பார்த்தார். இரண்டு சுற்றுக்குமேல் விரலுக்கு வராததைத் தனியாக வைத்தார். அடியில் கூம்பு மாதிரி சரிவு இருக்குமே, அதுதான் ரிம்மின் துளையில் பொருந்தி உட்காரும் இடம். அதை நகத்தால் தடவினார். அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் அதுவும் தனியாகப் போனது. மேலே துரு இருந்தும் விரலுக்கு வழுக்கிக்கொண்டு போனவற்றைத் திரும்பப் போட்டார். எறிய வேண்டியவை அதே இரண்டுதான்.

சுத்தமான மரையில் நல்ல நட்டு, உட்காரும் இடம்வரை விரலாலேயே சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதன் பிறகுதான் ஸ்பானருக்கு வேலை. அதாவது, லேசாகச் சுற்றக்கூடிய நட்டினால்தான் பிறகு உண்மையாக இறுக்க முடியும். 'மரை கழன்றவன்' என்று ஏசும்போது நாம் பயப்படுகிற அந்தக் கழலும் குணம், நட்டைப் பொறுத்தவரை ஆரோக்கியத்தின் அடையாளம்.

*

திருக்குறளின் வினைத்திட்பம் அதிகாரத்தில் அச்சாணி வருகிறது. 667-ஆவது குறள். பெரிய தேருக்குச் சின்ன அச்சாணி எப்படியோ அப்படிப்பட்டவர்கள் உலகில் உண்டு, உருவத்தைப் பார்த்து இகழாதே என்பது அதன் பொருள். பள்ளி ஆண்டுவிழாவிலும் பணி ஓய்வு விழாவிலும் கேட்டுக் கேட்டு, 'சின்ன ஆளும் முக்கியம்' என்ற அளவில் அதை நிறுத்திவிட்டோம்.

அச்சாணிக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. மாட்டு வண்டியில் அதைக் கடையாணி என்பார்கள். சக்கரம் வெளியே வந்துவிடாமல் பிடித்திருப்பது அது. அதே சமயம், வண்டி மை போட வேண்டியபோது பிடுங்கப்படுவதும் அதுதான். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தை நகர்த்தி, அச்சில் மை தடவி, திரும்ப அடிப்பார்கள். பிடுங்கவே வராத கடையாணி என்றால் அந்த வண்டி மையைப் பார்த்து வெகுநாளாகிறது, அச்சு தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிடித்திருப்பதும் விட்டுக்கொடுப்பதும் ஒரே பொருளின் இரண்டு வேலைகள் என்பது வண்டிக்காரருக்குத் தெரிந்திருந்தது.

மனித விஷயங்களுக்கு இதை நீட்டலாமா? கொஞ்ச தூரம் நீட்டலாம். பாகம் பிரிக்க வழியில்லாததால் ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பியைப் பார்த்து ஊர், "என்ன ஒத்துமை பாரு" என்கிறது. ஒரு கேள்விகூடத் தாங்காத நம்பிக்கையைக் கொள்கைப் பிடிப்பு என்கிறோம். முப்பது வருஷம் ஆகிவிட்டது, இனி எங்கே போவது என்று தொடரும் உறவுக்கும் உறுதி என்றே பெயர். இவையெல்லாம் துரு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சிலது துருவாக இருக்கலாம், சிலது நிஜமான பிடிப்பாக இருக்கலாம். வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் சிக்கல். கடைக்காரர் செய்தது ஒன்றுதான் சோதனை: கழற்றிப் பார்ப்பது. நம்முடைய ஒரு நம்பிக்கையைக் கழற்றி, கையில் வைத்துத் துடைத்து, திரும்ப மாட்ட முடிகிறதா? முடிந்தால் அது நம்மைப் பிடித்திருந்தது. கழற்றவே பயமாக இருந்தால், அநேகமாக மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்குமேல் நீட்டக்கூடாது. நட்டுக்கு வலிக்காது. எறிந்தால் அழாது. மனிதர்களுக்கு ஸ்பேர் கிடைக்காது.

*

இப்போது தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். சட்டையில் ஒப்பேற்ற முடிந்தது வீல் நட்டில் ஏன் முடியாது?

நான் பழையதைக் காப்பாற்றுகிறவர்களின் கட்சி. "எறியாத, ஆகும்" என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் புதுப்பேட்டை ஒரு கோயில் மாதிரி. செத்த வண்டிகளைப் பிரித்து, கதவு தனி, கியர்பாக்ஸ் தனி, கண்ணாடி தனி என்று உயிர் கொடுத்து விற்கும் அந்தத் தெருக்களின் அறிவுக்கு ஈடாக எந்த ஷோரூமும் கிடையாது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஜி.பி. ரோடு. அங்கே எல்லாம் புதுசு, பிளாஸ்டிக் கவருக்குள். தூக்கிப் போடுவதைப் பெருமையாக்கிவிட்ட காலத்தில் புதுப்பேட்டை பக்கம் நிற்பது எனக்கு அறமாகவே படுகிறது.

ஆனால் புதுப்பேட்டையின் அறிவே, எதைப் பழையதாகப் போடலாம், எதைப் போடக்கூடாது என்பதில்தான் இருக்கிறது. மாருதி கார்களின் வீல் நட்டு மரை 1.25 மில்லிமீட்டர் இடைவெளி, ஹூண்டாய்க்கு 1.5. இரண்டும் 12 மில்லிமீட்டர் நட்டுதான், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். 'நல்லா டைட்டா இருக்கு' என்று பைப்பைப் போட்டு மிதித்தால் இரண்டின் மரையும் நாசம். இதற்குமேல் சில்வர் பெயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. துருவின் மேலேயே பெயிண்டை அடித்துப் பளபளவென்று ஆக்குவது. அப்படிச் செய்தால் தோற்றம் மட்டும்தான் திரும்பும், பிடி திரும்பாது.

தத்துவ வகுப்பில் தீசியஸின் கப்பல் பற்றிக் கேட்பார்கள். பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் அது அதே கப்பலா என்று. சுவாரசியமான கேள்வி, ஆனால் கரையில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கேள்வி. கப்பலில் ஏறப்போகிறவர் வேறு ஒன்று கேட்பார்: எந்தப் பலகையை மாற்றாமல் விட்டீர்கள்?

டிரைவர் பையனும் சும்மா விடவில்லை.

"ஓட்டப்போறது நான்தானண்ணா? எதுனா ஆச்சுன்னா நான் பாத்துக்கறேன்."

"உனக்கு ஆனா நீ பாத்துப்ப. பக்கத்துல வண்டில கொயந்தைய வெச்சுக்கினு ஒரு பொம்பள போவும். அத யாரு பாத்துப்பா?"

கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு, தையல் விட்டுப்போனால் கூச்சம் எனக்கு. பழைய செருப்பு அறுந்தால் வெறுங்காலில் நடப்பது நான். சிக்கனத்தின் லாபமும் எனக்கு, தோற்றால் நஷ்டமும் எனக்கு. வீல் நட்டில் லாபம் ஒருவருக்கு, நஷ்டம் முன்பின் தெரியாத இன்னொருவருக்கு. ஓடும் வண்டியிலிருந்து கழன்ற சக்கரம் யாரைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. பழையதைக் காப்பாற்றும் உரிமை நமக்கு உண்டு. அது தோற்றால் யார் மேல் விழும் என்பதைப் பொறுத்து அந்த உரிமையின் எல்லை குறுகிக்கொண்டே வருகிறது.

இது வசதியுள்ளவர் பேசும் பேச்சு என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. அந்தப் பையனுக்கு நட்டின் விலை பிரச்சினையாக இருக்கவில்லை, அது இரண்டு டீ, இரண்டு வடைக் காசு. ஸ்பேர் கடை திறக்கும்வரை நிற்கிற நேரம்தான் பிரச்சினை. மார்க்கெட்டில் தக்காளிக்குக் காத்திருப்பவர்கள், போன் மேல் போன். தாமதத்தின் விலை அவன் கூலியில் பிடிபடும். 'பாதுகாப்பு முக்கியம் தம்பி' என்று காற்று பிடிக்க வந்த நான் சொல்வது சுலபம். ஆனால் ரோட்டில் பக்கத்தில் போகும் அந்தப் பெண்ணும் பணக்காரி இல்லை. ஏழையின் அவசரத்துக்கான விலையை இன்னொரு ஏழை கொடுக்கும்படி ஆகும்போது, அதை இரக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் யார் கொடுப்பது? மறைமலை அடிகள் பாலம் நிற்கும் இடத்தில் முன்பு மர்மலாங் பாலம் இருந்தது. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-இல் தன் பணத்தில் கட்டியது. கட்டியதோடு விடாமல், பாலத்தைப் பராமரிக்கவும் தனியாகப் பணம் ஒதுக்கிவைத்தார். எனக்கு அவருடைய தாராளத்தைவிட இந்த இரண்டாவது கணக்கு பெரிதாகத் தெரிகிறது. தேயும் என்று முதல் நாளே ஒத்துக்கொண்டு, அந்தத் தேய்மானம் யார் தலையில் விழும் என்றும் யோசித்திருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு மேல் உழைத்த அந்தப் பாலத்துக்குப் பதிலாக 1966-இல் புதுப் பாலம் வந்தது. பராமரிப்பதற்கும் ஒரு காலம், மாற்றுவதற்கும் ஒரு காலம். அந்தக் குட்டியானைக்கு இப்படி இரண்டாவது கணக்கு எதுவும் இல்லை. அதில் வரும் தக்காளியை வாங்கும் நாங்களும் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்கிறோமே தவிர, அதில் அந்த வண்டியின் நட்டுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்பதில்லை. டிரைவரின் பொறுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு இங்கே வந்துதான் நிற்க வேண்டும்.

*

கடைக்காரர் இந்தக் கேள்விக்குத் தன்னால் ஆன அளவு பதில் சொன்னார். கடைக்குள் போய், தன் கையிருப்பிலிருந்து இரண்டு நட்டுகளை எடுத்து வந்தார். விரலால் சுற்றிப் பார்த்தார். எதிரெதிராக மாற்றி மாற்றி, முதலில் லேசாக, அப்புறம் ஜாக்கியை இறக்கி முழுசாக இறுக்கினார். நட்டிலிருந்து ரிம்வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். நட்டு நகர்ந்தால் கோடு உடையும், பார்த்தாலே தெரியும். வெளிநாட்டு லாரிகளில் இதற்காகவே நட்டுக்கு நட்டு மஞ்சள் அம்புக்குறி மாட்டியிருப்பார்கள். இங்கே ஒரு சொட்டு பெயிண்ட்.

"காச நாளைக்குக் குடு. ஆனா நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து காட்டிட்டுப் போ. திரும்ப ஒரு தபா டைட் பண்ணணும்."

புதிதாக இறுக்கியது கொஞ்சம் ஓடியதும் படியும், படிந்தால் இழுப்பு குறையும். அதனால்தான் திரும்ப வரச் சொல்வது. இறுக்கியதோடு பொறுப்பு தீர்ந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பையன் கிளம்பிப் போன பிறகு அவர் அந்த இரண்டு நட்டுகளையும் எடுத்தார். உளியை வைத்து, சுத்தியலால் தட்டி, மரையின் வாயிலேயே ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு போட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"காயலாங்கடைக்குப் போவும்ல. அங்கர்ந்து எவனாவது எடுத்து பெயிண்ட் அடிச்சுடுவான்."

டப்பாவில் போட்டுவிட்டு, என் ஸ்கூட்டருக்குக் காற்று பிடிக்க வந்தார்.